நெல்லைக் கட்டாயமாக வாங்கும் சட்டத்தில் உழவர் செலவைப் பற்றி ஒரு சொல் இல்லை

தமிழ்நாட்டிலிருந்து நாடாளுமன்றம் சென்றிருக்கும் 39 மக்களவை உறுப்பினர்களுக்கும் 18 மாநிலங்களவை உறுப்பினர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உறுப்பினர்களே,

வணக்கம். அத்தியாவசியப் பொருட்கள் சட்டம், 1955 என்றதும் பெரும்பாலோருக்கு நினைவுக்கு வருவது ரேஷன் அரிசி கடத்திய லாரியும், சீல் வைத்த கிடங்கும்தான். அந்தச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு என்னைப் போல நெல் விளைவிப்பவனையும் தொடுகிறது என்பது ஊரில் பலருக்குத் தெரியாது. உங்களில் சிலருக்கும் தெரியாமல் இருக்கலாம் என்ற சந்தேகத்தில்தான் இதை எழுதுகிறேன்.

3(2)(எஃப்) என்ன சொல்கிறது? அத்தியாவசியப் பொருளை இருப்பு வைத்திருப்பவர், விற்று வாங்குபவர் ஆகியோரோடு அதை உற்பத்தி செய்பவரையும் சேர்த்து, கையிலுள்ளதை முழுவதுமாகவோ குறிப்பிட்ட பகுதியையோ அரசுக்கு விற்கும்படி உத்தரவிடலாம் என்கிறது. அதன் கீழே ஒரு விளக்கம் இருக்கிறது. உணவு தானியம் என்றால், ஒரு பகுதியில் எவ்வளவு விளையும் என்று மதிப்பிட்டு, விவசாயி எத்தனை மூட்டை தர வேண்டும் என்பதை அவர் சாகுபடி செய்யும் பரப்புக்கு ஏற்ப அடுக்கடுக்காக நிர்ணயிக்கலாம். இன்ன ஏக்கருக்கு இத்தனை மூட்டை என்று. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இதை 'லெவி' என்பார்கள். உத்தரவை மீறினால் 7-ஆம் பிரிவின்படி 3 மாதம் முதல் 7 ஆண்டு வரை சிறை.

இதெல்லாம் பஞ்ச காலத்துச் சரக்கு, இப்போது யார் விவசாயி வீட்டுப் பத்தாயத்தைத் திறக்கிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். சரியான கேள்விதான். இந்த அதிகாரத்தின் வேர் இரண்டாம் உலகப் போரில் இருக்கிறது. 1942-ல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போய் அரிசி வரத்து நின்றது. அடுத்த ஆண்டு வங்கத்தில் பஞ்சம். அப்போது போர்க்கால விதிகளாக வந்தவை, 1946-ல் 'தற்காலிக அதிகாரங்கள்' என்ற பெயரிலேயே ஒரு சட்டமாகி, 1955-ல் நிரந்தரமாகிவிட்டன. இடையில் 1952-ல் சென்னை மாகாணத்தில் ராஜாஜி அரிசிக் கட்டுப்பாட்டை ஒரே போடாகப் போட்டு எடுத்தார். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. ஆனால் டெல்லியின் சட்டப் புத்தகத்தில் அதிகாரம் அப்படியே தங்கிவிட்டது. தங்கியதோடு, நெருக்கடி நிலைக் காலத்தில் இன்னும் இறுகியது. நான் மேலே சொன்ன வாசகமும், இனிச் சொல்லப்போகும் விலை வாசகமும் 1976-ல் திருத்தப்பட்ட வடிவம். அதே ஆண்டு அரசியலமைப்பின் 40-ஆவது திருத்தத்தின் வழியே இந்தச் சட்டத்தையே ஒன்பதாவது அட்டவணைக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். நிலச் சீர்திருத்தச் சட்டங்களை வழக்குகளிலிருந்து காப்பாற்றத் திறந்த அறை அது. அதில் உழவரின் நெல்லைப் பறிக்கும் அதிகாரமும் போய்க் குடியேறியது.

கட்டாயமே கூடாது என்று நான் வாதாட வரவில்லை. பஞ்சம் வந்து ஊரே பட்டினி கிடக்கும்போது 'என் நெல், என் இஷ்டம்' என்று எந்த விவசாயியும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. என் கேள்வி வேறு. கட்டாயப்படுத்தி வாங்கினால் என்ன விலை தர வேண்டும்?

அந்த விலையைச் சொல்வது 3(3பி). மாநில அரசு, மத்திய அரசின் முன் ஒப்புதலோடு ஒரு கொள்முதல் விலையை நிர்ணயிக்க வேண்டும். நிர்ணயிக்கும்போது நான்கு விஷயங்களைக் கணக்கில் எடுக்க வேண்டும். கட்டுப்பாட்டு விலை ஏதும் இருந்தால் அது. பொதுவாக விளைச்சல் எப்படி இருக்கும் என்பது. நுகர்வோருக்கு, குறிப்பாக நலிந்த பிரிவினருக்கு, நியாயமான விலையில் தானியம் கிடைக்க வேண்டிய தேவை. கடைசியாக, விவசாய விலைக் குழுவின் பரிந்துரை, அதுவும் 'இருந்தால்'. அந்தக் குழுவின் பெயரே 1985-ல் மாறிவிட்டது. இப்போது அது வேளாண் செலவுகள் மற்றும் விலைகள் ஆணையம். பெயரில் 'செலவு' ஏறி நாற்பது வருஷம் ஆகிறது. சட்டத்தின் அந்த நான்கு வரியில் செலவு இன்னும் ஏறவில்லை.

ஆமாம், இல்லை. விதைநெல், நடவுக் கூலி, அறுவடை எந்திர வாடகை, உரம், குத்தகை, நகைக்கடன் வட்டி என்று எதையும் கணக்கில் எடுக்கச் சொல்லும் ஒரு சொல் அங்கே கிடையாது.

இப்போது அதே சட்டத்தில், அதே பிரிவில், அடுத்த உட்பிரிவுக்கு வாருங்கள். 3(3சி), சர்க்கரைக்கானது. சர்க்கரை ஆலையிடமிருந்து அரசு லெவியாக வாங்கினால் எதையெல்லாம் கணக்கில் எடுக்க வேண்டும்? கரும்புக்கு மத்திய அரசு நிர்ணயித்த நியாயமான, ஆதாய விலை, சர்க்கரை தயாரிக்க ஆகும் செலவு, கட்ட வேண்டிய வரி, இவற்றோடு ஆலைத் தொழிலில் போட்ட முதலுக்கு நியாயமான வருவாய். நான் கூட்டிச் சொல்லவில்லை, நூலகத்தில் சட்டப் பிரதியை எடுத்துப் பாருங்கள். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஆலை முதலாளிக்குச் செலவும் உண்டு, முதலுக்கு வருமானமும் உண்டு. விவசாயிக்கு நுகர்வோரின் தேவை மட்டும் உண்டு.

சர்க்கரை லெவியை 2013-ல் எடுத்துவிட்டார்கள். அரிசி ஆலைகள் மீதிருந்த லெவியும் 2015 அக்டோபரோடு முடிந்தது. ஆலைக்காரர்களின் சுமை இரண்டும் இறங்கிவிட்டன, சந்தோஷம். உற்பத்தியாளரைக் கட்டாயப்படுத்தும் அதிகாரமும், செலவைப் பார்க்காத அந்த நான்கு வரியும் மட்டும் சட்டத்தில் இன்னும் இருக்கின்றன.

இன்னொரு ஒப்பீடும் சொல்லிவிடுகிறேன். அரசு என் நிலத்தை எடுத்தால், 2013-ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தல் சட்டப்படி சந்தை மதிப்பைப் பார்க்க வேண்டும், கிராமம் என்றால் அதை ஒரு காரணியால் பெருக்க வேண்டும், அதற்கு மேல் நூறு சதவீதம் ஆறுதல் தொகையும் தர வேண்டும். அதே நிலத்தில் விளைந்ததை எடுத்தால் கொள்முதல் விலை, அவ்வளவுதான்.

கரும்பு விவசாயிகளின் கதையையும் பார்ப்போம். அவர்கள் படும் பாடு தெரியும். நிலுவைக்காக ஆலை வாசலில் எத்தனை முறை உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதும் தெரியும். ஆனாலும் 1966-ஆம் ஆண்டு கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை, இதே 3-ஆம் பிரிவின் கீழ் பிறந்தது, அவர்களுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு தந்திருக்கிறது. விலையை நிர்ணயிக்கும்போது கரும்பின் உற்பத்திச் செலவைப் பார்க்க வேண்டும். 2009-க்குப் பிறகு விவசாயியின் இடருக்கும் லாபத்துக்கும் நியாயமான ஒரு பங்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கரும்பு கொடுத்த 14 நாளில் பணம் வராவிட்டால் ஆண்டுக்கு 15 சதவீதம் வட்டி. ஆலைகள் தருவதில்லை என்பது வேறு சண்டை. நீதிமன்றத்தில் நீட்டிக் காட்ட ஒரு வாசகம் இருக்கிறதல்லவா? நெல் போட்டவனுக்கு அப்படி நீட்ட ஒன்றும் இல்லை.

இதற்கு அதிகாரிகள் வழக்கமாகச் சொல்லும் பதில் எனக்கு மனப்பாடம். 'இப்போது யாரும் உங்களைக் கட்டாயப்படுத்துவதில்லையே! குறைந்தபட்ச ஆதரவு விலைக்கு விருப்பப்பட்டால் போடுகிறீர்கள், இல்லாவிட்டால் வியாபாரிக்கு விற்கிறீர்கள்.' டெல்டாக்காரனிடம் இதைச் சொல்லும்போது கொஞ்சம் யோசித்துச் சொல்ல வேண்டும். 1982-ல் தமிழ்நாடு அரசு நெல் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தி ஓர் ஆணை போட்டது. அதில் பிறகு சேர்த்த ஒரு விதியின்படி அன்றைய தஞ்சாவூர் மாவட்டம் முழுவதிலிருந்தும், சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் வட்டங்களிலிருந்தும், திருச்சி மாவட்டத்தின் சில வட்டங்களிலிருந்தும் நெல் வெளியே போகத் தடை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தில் தடை செய்யும் அதிகாரமும் அடங்கும் என்று 1985-ல் அந்தத் தடையை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

அந்த ஆணையில் எந்த விவசாயியையும் பார்த்து 'அரசுக்கு விற்றே தீர வேண்டும்' என்று யாரும் சொல்லவில்லை. மாவட்ட எல்லையை மூடினார்கள், அவ்வளவுதான். வெளியூர் வியாபாரி உள்ளே வந்து வாங்கிப் போக முடியாது, நாமும் வெளியே கொண்டுபோக முடியாது. மிச்சம் இருக்கும் பெரிய ஆள் அரசு. இரவோடு இரவாகப் புதுக்கோட்டைப் பக்கம் மாட்டுவண்டியில் நெல் கொண்டுபோன கதை டெல்டாவில் பல வீடுகளில் இன்றும் உண்டு. பிடிபட்டால் அதற்குப் பெயர் நெல் கடத்தல். சொந்த வயலில், சொந்தக் கடனில் விளைந்த நெல்! இந்திய உணவுக் கழகம் 1965 ஜனவரி 14-ல் தொடங்கியபோது முதல் மாவட்ட அலுவலகத்தைத் தஞ்சாவூரில்தான் திறந்தார்கள். நாட்டுக்கே சோறு போட்டோம் என்ற பெருமை எங்களுக்கு உண்டு. அந்தப் பெருமைக்கு எங்கள் வீட்டுப் பெரியவர்கள் விலைக்குறைவாகக் கொடுத்ததும் கணக்கில் இருக்க வேண்டும்.

இன்றைய நிலைமை தலைகீழ். அன்று அரசு நெல்லைத் தேடி வந்தது, இன்று நாங்கள் நெல்லை வைத்துக்கொண்டு அரசைத் தேடுகிறோம். குறுவை அறுவடை நேரத்தில் ஒரு நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு ஒருநாள் வந்து பாருங்கள். சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகம், இணையப் பதிவு எல்லாம் முடித்து, டிராக்டரில் நெல்லைக் கொண்டுவந்து நிலையத்துக்கு முன்னால் கொட்டியாகிவிட்டது. ஈரப்பதமானியில் ஒரு பிடி நெல்லைப் போட்டுப் பார்க்கிறார்கள். வரம்பு 17 சதவீதம், காட்டுவது 19-க்கு மேல். 'காய வச்சுக் கொண்டாங்க.' எங்கே காய வைப்பது? களம் நிறைந்துவிட்டது, அதனால் தார்ச்சாலையின் ஒரு ஓரத்தில் பரப்புகிறோம். காலையில் பரப்பி, மதியம் காலால் கிளறிவிட்டு, சாயங்காலம் கூட்டிக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடினால், ராத்திரி வடகிழக்குப் பருவமழை. மறுநாள் தார்ப்பாயைத் தூக்கினால் அடியில் கதகதவென்று சூடு, ஓரத்து நெல்லில் வெள்ளையாக முளை. அதற்குள் சாலையில் வியாபாரியின் லாரி நின்றுகொண்டிருக்கும். ஈரத்தைப் பற்றி அவர் பேசவே மாட்டார், குவிண்டாலுக்கு முன்னூறு நானூறு குறைத்துக் கையில் பணம். போன பருவத்தில் நான் பாதியை அப்படித்தான் தள்ளிவிட்டேன். 'விருப்பப்பட்டால்' என்றார்களே, அந்த விருப்பம் இதுதான்.

ஈர நெல்லை அரசு கண்ணை மூடிக்கொண்டு வாங்க வேண்டும் என்று கேட்கவில்லை. அரிசி கெட்டால் ரேஷன் கடையில் வாங்குபவரும் நாங்கள்தான். ஆனால் விற்காவிட்டால் சிறை என்று எழுதத் தெரிந்த சட்டத்துக்கு, கொண்டுவந்த நெல்லை இத்தனை நாளுக்குள் எடை போட்டாக வேண்டும் என்று எழுதத் தெரியவில்லை. கட்டாயம் எல்லாம் ஒரு பக்கமாகவே போகிறது. அரசுக்கு வாங்கும் அதிகாரம் உண்டு, வாங்கும் கடமை கிடையாது. குறைந்தபட்ச ஆதரவு விலைக்கே சட்டத்தில் ஆதாரம் இல்லை, அது அமைச்சரவை முடிவு. ஆதரவு விலையில் அரசு முகமைகளுக்கு விற்று நேரடியாகப் பலன் பெறுபவர்கள் நாட்டு விவசாயிகளில் சுமார் 6 சதவீதம்தான் என்று, உணவுக் கழகத்தைச் சீரமைக்க வழி சொல்ல அமைத்த சாந்தகுமார் குழு 2015-ல் சொன்னது.

2025-26 பருவத்துக்குச் சாதாரண ரக நெல்லுக்கு மத்திய அரசு அறிவித்தது குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். தமிழ்நாடு தன் கையிலிருந்து 131 ரூபாய் சேர்த்து 2,500 ஆக்கியது. சன்ன ரகத்துக்குத் தனியாக அறிவித்த மத்திய விலையோடு 156 சேர்த்து 2,545. நல்ல விஷயம், நன்றியோடு சொல்கிறேன். மத்திய அரசின் கணக்கு எப்படி வருகிறது என்றால், கையிலிருந்து செலவழித்ததும் குடும்பத்தார் உழைப்பின் மதிப்பும் சேர்ந்து 1,579 ரூபாய், அதன் ஒன்றரை மடங்கு. சொந்த நிலத்தின் வாடகை மதிப்பும், எந்திரம் போன்ற சொந்த நிலையான முதலின் வட்டியும் இந்த 1,579-க்குள் வராது. சர்க்கரை ஆலைக்கு 'போட்ட முதலுக்கு வருவாய்' என்று சட்டத்திலேயே எழுதியவர்கள், உழவரின் முதலை மட்டும் கணக்குக்கு வெளியே நிறுத்துவது என்ன நியாயம்? எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையிலான தேசிய விவசாயிகள் ஆணையம் செலவோடு 50 சதவீதம் என்று பரிந்துரைத்து இருபது வருஷம் ஆகப்போகிறது. எந்தச் செலவு என்ற தகராறு இன்னும் தீரவில்லை.

'ஒன்றரை மடங்கு கொடுத்துக்கொண்டுதானே இருக்கிறோம், சட்டம் எதற்கு?' என்றும் கேட்பார்கள். கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள் என்றால் எழுதித் தருவதில் உங்களுக்கு ஒரு பைசா நஷ்டமில்லை. எழுதத் தயங்குவதைப் பார்த்தால்தான் எங்களுக்குச் சந்தேகம் வருகிறது.

2020-ல் வந்த மூன்று வேளாண் சட்டங்களில் ஒன்று இந்தச் சட்டத்தைத் திருத்தியது. போர், பஞ்சம், அசாதாரண விலையேற்றம், கடும் இயற்கைப் பேரிடர் போன்ற நேரங்களில் மட்டுமே தானியத்தின் வழங்கலைக் கட்டுப்படுத்தலாம் என்றது அந்தத் திருத்தம். பெருவணிகர்கள் இஷ்டத்துக்குப் பதுக்க அது கதவைத் திறக்கும் என்ற பயத்தில் நாங்களும் எதிர்த்தோம். அந்தப் பயம் நியாயமானது, இன்றும் அதில் மாற்றமில்லை. 2021-ல் சட்டங்கள் திரும்பப் பெறப்பட்டன. வெற்றி என்று இனிப்புக் கொடுத்தோம். அப்புறம்தான் நிதானமாகப் பார்த்தால், வியாபாரியின் பதுக்கலைத் தடுக்கும் அதிகாரத்தோடு சேர்ந்து, உற்பத்தியாளரைக் கட்டாயப்படுத்தும் அதிகாரமும் வரம்பில்லாமல் பழையபடி வந்து உட்கார்ந்திருக்கிறது. வணிகரையும் விவசாயியையும் ஒரே வாக்கியத்தில் போட்ட சட்டம் இப்படித்தான் படுத்தும். அதே சட்டத்துக்கு ஒரு இடத்தில் இந்த வித்தியாசம் தெரிந்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 6ஏ பிரிவில் பிடிபட்ட பொருளைப் பறிமுதல் செய்யும் அதிகாரம் கலெக்டருக்கு உண்டு, ஆனால் விவசாயி தானே விளைவித்த தானியத்தை அந்தப் பிரிவின் கீழ் பறிமுதல் செய்யக் கூடாது என்று விலக்கு இருக்கிறது. பறிமுதலில் காட்டிய அந்த இரக்கத்தை விலையில் ஏன் காட்டவில்லை என்பதுதான் என் கேள்வி.

வெளிநாட்டுக் கதை ஒன்றும் கேள்விப்பட்டிருப்பீர்கள். கனடாவின் மேற்கு மாகாணங்களில் கோதுமை விவசாயிகள் 1943 முதல் 2012 வரை கோதுமை வாரியம் ஒன்றுக்குத்தான் விற்க வேண்டும் என்ற கட்டாயம் இருந்தது. எல்லை தாண்டி அமெரிக்காவில் விற்று, அபராதம் கட்ட மறுத்து 2002-ல் ஆல்பர்ட்டா விவசாயிகள் 13 பேர் சிறைக்கே போனார்கள். அந்த வாரியத்தை நான் புகழ வரவில்லை. ஆனால் அங்கே தானியம் போட்டதும் அரசு உத்தரவாதத்தோடு முதல் தவணை உண்டு, உலகச் சந்தையில் விற்று முடிந்தபின் மிச்சத்தில் விவசாயிக்குப் பங்கும் உண்டு.

சரி, உங்களிடம் கேட்பது என்ன? முதலில் 3(3பி)-யில் ஐந்தாவதாக ஒரு வரி: நில வாடகை, முதலின் வட்டி உட்பட முழு உற்பத்திச் செலவும், அதற்கு மேல் நியாயமான வருவாயும். புது வாசகம் தேடி அலைய வேண்டாம், 3(3சி)-யில் ஆலைகளுக்கு எழுதியதைப் பார்த்து எழுதினாலே போதும். கரும்புக்கு உள்ள 14 நாளும் 15 சதவீத வட்டியும் அரசு வாங்கும் நெல்லுக்கும் வேண்டும். அறிவித்த நிலையத்துக்குப் பதிவு செய்த விவசாயி நெல் கொண்டுவந்துவிட்டால், எத்தனை நாளுக்குள் எடை போட வேண்டும் என்று ஒரு கெடு வேண்டும். கெடு தாண்டி நனைந்தால் நஷ்டம் வாங்க வேண்டியவருடையது. 17 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால் அங்கேயே உலர்த்தும் எந்திரத்தில் போட்டு, அதற்கான கூலியைக் கழித்துக்கொள்ளட்டும், ஒருவரும் ஆட்சேபிக்க மாட்டோம்.

கட்டாய அதிகாரத்தைப் பொறுத்தவரை, 'உற்பத்தி செய்பவர்' என்பதை 3(2)(எஃப்)-லிருந்து ஒரேயடியாக எடுக்கச் சொல்லவில்லை. போரும் பஞ்சமும் அறிவித்த காலத்துக்கு மட்டும், இத்தனை மாதம் என்ற கெடுவோடு வையுங்கள். உணவுக் கழகத்தின் கிடங்குகளில் அரிசி இருப்பு, 2025 ஜூலையில் வைத்திருக்க வேண்டிய அளவைவிட இரண்டு மடங்குக்கும் மேலே இருந்தது. இந்த நிலையில் சாதாரண நாளில் அந்த அதிகாரத்துக்கு என்ன வேலை? அப்புறம், 3(6)-இன்படி மத்திய அரசின் ஆணைகள்தான் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் வைக்கப்பட வேண்டும். மாநிலங்கள் போடும் ஆணைகளுக்கு அந்தப் பிரிவில் அப்படி ஒரு நிபந்தனை இல்லை. விவசாயியைக் கட்டாயப்படுத்தும் எந்த ஆணையானாலும், யார் போட்டாலும், சம்பந்தப்பட்ட சட்டமன்றத்தின் மேசைக்காவது வரட்டும்.

2018-ல் மகாராஷ்டிரத்தின் அன்றைய மக்களவை உறுப்பினர் ராஜு ஷெட்டி ஆதரவு விலையை உரிமையாக்கவும் விவசாயக் கடனிலிருந்து விடுவிக்கவும் மக்களவையில் இரண்டு தனிநபர் மசோதாக்களை, அதாவது அமைச்சரல்லாத உறுப்பினர் கொண்டுவரும் மசோதாக்களை, கொண்டுவந்தார். அவை நிறைவேறவில்லை, ஆனால் அவைக் குறிப்பில் ஏறின. நீங்கள் 57 பேர். வெள்ளிக்கிழமை பிற்பகல்களில் தனிநபர் மசோதாக்களுக்கு ஒதுக்கும் நேரத்தில் உங்களில் ஒருவர் எழுந்தால் போதும். நான் கேட்பது புதுச் சட்டம்கூட இல்லை, இருக்கிற சட்டத்தின் ஒரு உட்பிரிவில் ஒரு வரியும், கூட இரண்டு மூன்று நிபந்தனைகளும். எந்தக் கட்சிக்காரர் கொண்டுவந்தாலும் எங்களுக்கு ஒன்றுதான்.

அடுத்த கூட்டத்தொடருக்கு முன்னால் உங்கள் தொகுதி அலுவலகங்களுக்கு எங்கள் ஊர் விவசாயிகள் 3(3பி), 3(3சி) இரண்டையும் ஒரே தாளில் அச்சடித்துக் கொண்டுவருவார்கள். கேட்கப்போவது இவ்வளவுதான்: திருத்தத்தைக் கொண்டுவருவீர்களா, மாட்டீர்களா? மாட்டீர்கள் என்றால் காரணத்தை எழுத்தில் கொடுங்கள்.

இப்படிக்கு,
திருவாரூர் மாவட்டத்து நெல் விவசாயி ஒருவர்